ஏழரைப் பந்து

திருநள்ளாற்றுச் சனீஸ்வர பகவானிடம் ஒரு குறை உண்டு. இளகிய மனசு. பிடித்தால் ஏழரை ஆண்டு, அதற்கப்புறம் விட்டுவிடுவார். நளனையே விட்டவர் அவர். நளதீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து நின்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். 2020 டிசம்பர் 27-இல் பெயர்ந்தார், 2023 டிசம்பர் 20-இல் மறுபடியும் பெயர்ந்தார். எந்த ராசியிலும் நிரந்தரமாகக் குடியிருக்கிற எண்ணம் அவருக்குக் கிடையாது. இந்தக் குறை எதுவும் இல்லாத ஒருவர் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில், காரைக்கால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நம்ம கிரிக்கெட் ரசிகர். இவர் பிடிக்க ராசியும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். ஏழரைப் பந்து போதும். பிடித்தபின் விடுகிற வழக்கமும் இல்லை.

அவருடைய நடுநிலைமையை முதலில் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், ஆட்சி புதுச்சேரியில். சொந்தம் கொண்டாட ஐ.பி.எல். அணி கிடையாது; சேப்பாக்கம் போக வேண்டுமானால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்ததே 2018-இல்தான். அதில் யார் யார் ஆடுகிறார்கள் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. எதிலும் சம்பந்தப்படாதவரால்தானே எல்லோருக்கும் நீதி வழங்க முடியும்? சாயங்காலமானால் பக்கத்து மாவட்டத்து ஆட்கள் எங்கள் ஊருக்கு எதற்காக வருகிறார்கள் என்பது உலகறிந்த ரகசியம். அதற்கும் இந்தத் தீர்ப்புகளுக்கும் யாரும் முடிச்சுப்போட வேண்டாம்.

அவருடைய அருளுக்கு அதிகம் பாத்திரமானவர் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் விஜய் சங்கர். 2018 மார்ச் 18, கொழும்பில் நிதாஹஸ் கோப்பை இறுதிப் போட்டி. முஸ்தபிசுர் ரகுமான் வீசிய பதினெட்டாவது ஓவரில் வரிசையாக நாலு பந்து விஜய் சங்கருக்குச் சிக்கவில்லை. மொத்தம் 19 பந்தில் 17 ரன். கடைசிப் பந்தில் தினேஷ் கார்த்திக் சிக்ஸர் அடித்து இந்தியா ஜெயித்துவிட்டது. சாதாரண மனுஷன் ஜெயித்த ராத்திரி சந்தோஷமாகத் தூங்கப் போவான். நம்மவர் அப்படிப் பொறுப்பில்லாதவர் இல்லை. ஒருவேளை தோற்றிருந்தால் யாரால் தோற்றிருப்போம் என்று அந்த ராத்திரியே கண்டுபிடித்து, நடக்காத தோல்விக்கு நடந்த தோல்விக்குரிய தண்டனையையே கொடுத்து முடித்தார். இந்தத் தொலைநோக்கு உச்ச நீதிமன்றத்துக்குக்கூட வாய்க்காது.

அடுத்த ஆண்டு உலகக் கோப்பை அணியில் விஜய் சங்கர் இடம்பெற்றார். மட்டை, பந்து, ஃபீல்டிங் என்று மூன்று பரிமாணம் இவரிடம் இருக்கிறது என்றார் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். இடம் கிடைக்காத அம்பத்தி ராயுடு, உலகக் கோப்பை பார்க்க 3டி கண்ணாடி வாங்கப்போவதாகக் கிண்டலடித்தார். பேசியவர்கள் அவர்கள் இருவரும். ‘3டி பிளேயர்’ பட்டம் மட்டும் வாயே திறக்காத மூன்றாம் ஆளுக்கு. 2019 ஜூன் 16-இல் ஓல்டு டிராஃபோர்டில், பாகிஸ்தானுக்கு எதிராக, உலகக் கோப்பையில் தான் வீசிய முதல் பந்திலேயே அவர் இமாம் உல் ஹக்கை வீழ்த்தினார். கொஞ்ச நாளில் கால்விரலில் அடிபட்டுத் தொடரிலிருந்தே விலகினார். அந்த முதல் பந்தையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருந்தால் மீம் போடுவது எப்படி?

இங்கே நமது ஊடகங்களின் தொண்டைக் குறிப்பிடாவிட்டால் நன்றி மறந்தவனாவேன். பெயர் தெரியாத நாலு பேர் திட்டியதைத் தேடிப் பொறுக்கி, ‘வறுத்தெடுத்த நெட்டிசன்கள்’ என்று தலைப்புப் போட்டு, வீரரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து ஊருக்குப் பரிமாறுகிறார்கள். அதைப் படித்த ரசிகர், நாடே இப்படித்தான் நினைக்கிறது போலிருக்கிறது என்று தானும் ஒரு வசவு எழுதுகிறார். மறுநாள் செய்திக்கு அது ஆகிவிடுகிறது. விறகு வேண்டாம், அரிசி வேண்டாம், அடுப்பு மட்டும் அணைவதில்லை. இப்படியொரு சிக்கனம் எந்தச் சமையலில் உண்டு?

2025 ஏப்ரல் 5, சேப்பாக்கத்தில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் டெல்லியிடம் சென்னை 25 ரன்னில் தோற்றது. சென்னை தரப்பில் அதிக ரன் விஜய் சங்கருடையது: 54 பந்தில் 69, ஆட்டமிழக்கவில்லை. அதிகம் அடித்தவர்தானே கண்ணில் படுவார், அவரையே பிடித்துக்கொண்டார்கள். எதிர்முனையில் 26 பந்தில் 30 அடித்து நின்றவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சாமி குத்தம். அந்தச் சாமி ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சுவரை 2007-இல் வங்கதேசத்திடம் தோற்றதற்காக இடித்ததும் பக்தர்கள்தான். 2014-இல் டி20 உலகக் கோப்பை இறுதியில் 21 பந்தில் 11 ரன் எடுத்த யுவராஜ் சிங்கின் சண்டிகர் வீட்டுக்குக் கல் போனது. எறிவதில் எங்களுக்கும் பழக்கம் உண்டு: மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் எறிவோம். ஆனால் காரைக்கால் அம்மையார் ஊர்க்காரர்களுக்கு இன்னும் அவ்வளவு முன்னேற்றம் வரவில்லை. நாங்கள் எறிவதைக் கீழே இருப்பவர்கள் மடியேந்திப் பிடிக்கிறார்கள்.

சொந்த அணிக்காரன் அவுட்டானால் கைதட்டுகிற பெருந்தன்மையும் தமிழ் மண்ணில்தான் பூத்தது. அந்தச் சாமிக்கு முன்னால் தான் இறங்கினால், எப்போது அவுட் ஆவான் என்று கூட்டம் காத்திருக்கும் என்று 2023 மே மாதம், அப்போது சென்னை அணியில் இருந்த ஜடேஜாவே மைக்கில் சொன்னார். அதே மாதக் கடைசியில் நடந்த ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தையும் சிக்ஸராகவும் பவுண்டரியாகவும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். காத்திருந்த கூட்டத்துக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

கிரிக்கெட்காரர்களுக்காவது காசு இருக்கிறது என்பார்கள். சாந்தி சௌந்தரராஜனுக்கு அதுவும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்து, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய பெண். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். டாக்டருக்கும் அவருக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயத்தை நம் ஊடகங்கள் ஒளிவுமறைவில்லாமல் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. பொதுமக்களின் அறிவு வளர வேண்டாமா? 2012-இல் அவர் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை பார்த்தபோது கேமராக்கள் அங்கேயும் தவறாமல் வந்தன. ஓடியபோது எடுத்ததைவிட மண் சுமந்தபோது எடுத்த படம் நன்றாக வந்தது.

விஜய் சங்கர் 2025-இல் தமிழ்நாட்டு அணியை விட்டுத் திரிபுராவுக்குப் போனார். அவ்வளவு தூரம் போய்விட்டாரே என்று நம்ம ரசிகருக்குக் கவலை. திரிபுரா ஆடுகிற மேட்ச் எந்தச் சேனலில் வரும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.