அகப்பையியல்

அகப்பையியல் என் நுதலிற்றோ எனின், வெவ்வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஒரே அண்டாவைச் சுற்றி நிற்கும்போது நிகழ்வனவற்றை உணர்த்துதல் நுதலிற்று. சபைகள் எவ்வாறு பிரிந்தன என்பதை ஆன்றோர் பலர் பல நூற்றாண்டாக விரித்துரைத்தாராகலின், அவை எவ்வாறு சேரும் என்பதை மட்டும் இவ்வியல் சுருங்கச் சொல்லும். இந்த நடையையும் இத்துடன் சுருக்கிக்கொள்கிறேன்.

தலைமை நூற்பா வருமாறு:

கூடித் தொழுவார் குழுஅமைப் பாரே
கூடிச் சமைப்பார் கூடுவர் உடனே

நூற்பா நானே இயற்றியது. யாப்பில் பிழை தென்பட்டால் ஏட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று கொள்க.

ஆய்வுக்களம் பொம்மசந்திரா. பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் வரும் தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் 19.15 கிலோமீட்டர் ஓடிவந்து இங்கேதான் முடிகிறது. இதற்கும் அப்பால் போய் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் தமிழ்நாடு. சபை ஒற்றுமையை ஆராய ரோமாபுரிக்கோ ஜெனீவாவுக்கோ போகாமல் இங்கே ஏன் வரவேண்டும் என்று கேட்டால், விடையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லவேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் மிஷனரிச் சங்கங்கள் தென்னாட்டைத் தங்களுக்குள் நாகரிகமாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் வயலில் இன்னொருவர் விதைப்பதில்லை என்று ஏற்பாடு. அதனால் தமிழ்க் கிறிஸ்தவனின் இறையியலைத் தீர்மானித்தது பெரும்பாலும் அவன் பாட்டன் பிறந்த தாலுகா. திருநெல்வேலி என்றால் ஆங்கிலிக்கன், நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன், மதுரை என்றால் அமெரிக்கன் மிஷன், தரங்கம்பாடி தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன். கால்வினையும் லூத்தரையும் ஒப்புநோக்கிப் படித்துவிட்டு முடிவெடுத்த குடும்பம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஊரோடு இருந்தவரை இது யாருக்கும் தொந்தரவாக இல்லை. தொழிற்பேட்டை வந்ததும் இத்தனை பேருடைய பேரப்பிள்ளைகளும் ஒரே சந்தில் வாடகைக்குக் குடிவந்துவிட்டார்கள். பக்கத்து அறையில் கிருஷ்ணகிரிக் கத்தோலிக்கர், மாடியில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர், எதிர்வீட்டில் ஆந்திர பாப்டிஸ்ட், ஷிப்டில் கூட நிற்பவர் ஜார்க்கண்ட் லுத்தரன். பங்கிட்டவர்கள் இப்படி ஒரு சந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு காலை இவர்கள் அவரவர் திசையில் போவார்கள். இடையே உள்ள வேறுபாடுகள் சிறியவை அல்ல. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரைத் தெளிப்பதா, ஆளையே முக்குவதா. பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, விவரம் தெரிந்த பிறகா. பேராயர் என்பவர் அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி கைமாறி வந்தவரா, தேர்தலில் வந்தவரா. கடைசிக் கேள்வி ஒன்றே தென்னிந்தியாவில் 28 ஆண்டுகளைத் தின்றது.

1919 மே மாதத்தின் முதல் இரண்டு நாள், சபைகள் ஒன்றாவதைப் பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் போக மற்றவர் எல்லாரும் இந்தியர். முன்னின்றவர் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி தோர்னக்கலுக்குப் போனவர். இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் ஏற்றப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். கூடிய இடமோ, 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய நாள் தொட்டு லுத்தரன்களின் தாய்வீடு. அதே 1919-இல் லுத்தரன்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று தனியாக அமைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஐக்கியத்திலும் சேரவில்லை. கூட்டத்துக்கு இடம் கொடுத்த பெருமை அந்த ஊருக்குப் போதும்.

அடுத்த ஆண்டு கூட்டுக்குழு அமைந்தது. 1925-இல் மெதடிஸ்டுகள் வந்து சேர்ந்தார்கள். 1929-இல் ஐக்கியத் திட்டத்தின் வரைவு அச்சாயிற்று. பிறகு திருத்தப்பட்டது, திருத்தத்துக்குத் திருத்தம் வந்தது. 1945 ஜனவரி 1 அன்று அசரியா காலமானார். அதே மாதம் ஆங்கிலிக்கன் மன்றம் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்யாத பழைய போதகர்களை என்ன செய்வது என்பதற்கு 30 ஆண்டு இடைக்கால ஏற்பாடு வேறு. வெள்ளைக்காரனை நாட்டைவிட்டு அனுப்பும் வேலை இதற்கு ஆறு வாரம் முன்பே முடிந்திருந்தது என்பதை ஆய்வாளர் கவனிக்க.

இடையில் ஒரு கவிஞர் வருகிறார். டி. எஸ். எலியட், 'பாழ்நிலம்' எழுதியவர், 1943-இல், உலகப்போர் உச்சத்தில் இருக்கையில், லண்டனில் உட்கார்ந்துகொண்டு தென்னிந்திய ஐக்கியத் திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அழித்துச் சேர்ப்பது என்பது தலைப்பின் சாரம். தலைக்கு மேல் குண்டு விழுந்த நகரத்தில் ஒரு மனிதர், திருநெல்வேலியில் யார் யாருக்கு அப்பமும் ரசமும் கொடுக்கலாம் என்று கவலைப்பட்டிருக்கிறார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தென்னாட்டுச் சபை விவகாரத்தை இவ்வளவு பொருட்படுத்திய நோபல் பரிசுக்காரர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. பரிசு அவருக்கு 1948-இல் கிடைத்தது, அதற்குத் திருச்சபை காரணமில்லை.

இனி நூற்பாவின் இரண்டாம் அடி. தரங்கம்பாடிக்கு நான்கு ஆண்டு முன்னால், 1915-இல், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. பெயரிலேயே ஐக்கிய மிஷன் என்று இருந்தது. ஒரே திருவிருந்தில் உட்காராத பல மிஷன்கள் பணம் போட்டு நடத்தின. பொறுப்பேற்ற மருத்துவர் ஃப்ரிமோட்-மோலர் டென்மார்க்கின் லுத்தரன். ஐக்கியத்தில் சேராத சபைக்காரர் ஐக்கிய மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியதில் யாருக்கும் சிக்கல் எழவில்லை. காசநோய்க் கிருமிக்கு அப்போஸ்தல வழிமரபு பற்றித் திட்டவட்டமான கருத்து இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். அதே 1915-இல் 12 மிஷன்கள் சேர்ந்து சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கின. 1918-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவும் பல மிஷன்களின் கூட்டு நிறுவனமாக வளர்ந்தது. ஆக, சளிப் பரிசோதனை, பெண்கல்வி, பிரசவம் ஆகிய மூன்றிலும் சபைகள் ஒன்றாகிவிட்ட பிறகுதான், ஒன்றாகலாமா என்று பேச 33 பேர் கூடினார்கள்.

உலகமும் இதை அறியும். தொண்டு வழியாகச் சேரலாம் என்றவர்கள் 1925-இல் ஸ்டாக்ஹோமிலும், கோட்பாடு வழியாகத்தான் சேரவேண்டும் என்றவர்கள் 1927-இல் லோசானிலும் தனித்தனி மாநாடு போட்டார்கள். ஒற்றுமையே இரண்டு பிரிவாகிவிட்டது. 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கி அந்த இரண்டையும் ஒன்றாக்கவேண்டி வந்தது.

பொம்மசந்திராவுக்குத் திரும்புவோம். ஓர் அண்டாவை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள நாராயணா மருத்துவமனைக்குத் தொலைதூரத்திலிருந்து வந்து வாசலில் காத்திருப்பவர்களுக்குச் சாம்பார் சாதம் என்று வையுங்கள். கத்தோலிக்கரின் தலைவர் ஃபாதர், சி.எஸ்.ஐ.காரருடையவர் ஐயா, பெந்தெகொஸ்தேக்காரருடையவர் பாஸ்டர். அடுப்பு எரியத் தொடங்கிக் கால் மணி நேரம் இந்த மரியாதைகள் நிலைக்கும். பிறகு ஒரு குரல் எழும்: "அண்ணே, அடி பிடிக்குது!" மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள். இக்கணத்தில் நிகழும் ஐக்கியத்துக்கு வரைவோ திருத்தமோ தேவைப்படுவதில்லை. நீடிக்கும் காலம் மட்டும் குறைவு.

அண்டாவை விட உறுதியான பொருள் ரத்தம். இதய அறுவைக்குப் பேர்பெற்ற ஊரில் அதற்கு எப்போதும் தேவை இருக்கிறது. படிவத்தில் வயது 18 முதல் 65 வரையா, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்கிறதா, ஹீமோகுளோபின் 12.5 உண்டா, சமீபத்தில் பச்சை குத்தினீர்களா என்று கேட்பார்கள். முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா என்று கேட்பதில்லை. ரத்த வகைகளை ஆர்எச் சேர்த்து எட்டாக வகுத்தவர்கள் அதற்குமேல் பிரிக்க வழி தெரிந்தும் ரத்த வங்கிக்கு இது போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். இந்தத் தன்னடக்கம் சபை வரலாற்றில் அரிது. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்ற இடைவெளி விதியும் எல்லாச் சபைக்கும் பொது.

ஓரிடத்தில் அங்கதம் ஒதுங்கி நிற்கட்டும். 2020, 2021-இல் பெங்களூரில் கோவிட் உடல்களைத் தொட உறவினரே அஞ்சிய நாட்களில், கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தொண்டர்களும் இஸ்லாமியத் தொண்டர்களும் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு அடக்கம் செய்தார்கள். உடல் எந்த மதத்தது என்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

கல்லறை என்றதும் நூற்பாவுக்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாகவேண்டும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவரையும் மற்றவரையும் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. அந்தச் சுவரின் இரு பக்கத்தவரும் ஒரே சபை. ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே ஆயர். சபைகள் சேர்வதைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதில் இந்தச் சுவர் கணக்கில் வரவே இல்லை, ஏனெனில் அதைக் கட்டியது லண்டன் மிஷனும் இல்லை, அமெரிக்கன் மிஷனும் இல்லை. வெளியிலிருந்து ஏற்றப்பட்டவை என்ற தரங்கம்பாடி அறிக்கைக்குள் அடங்காத பிரிவினை இது. கூட்டுச் சமையலிலும் யார் வெங்காயம் உரிக்கிறார், யார் பரிமாறுகிறார், கடைசியில் அடிபிடித்த அண்டாவை யார் தேய்க்கிறார் என்று பார்த்தால் எந்த இறையியல் கல்லூரியிலும் சொல்லித்தராத ஒரு திருச்சபை வரலாறு தெரியும். தேய்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சபை வேறுபாடு இங்கே முற்றாக மறைந்துவிடுகிறது; எல்லாச் சபைப் பெண்களும் தேய்க்கிறார்கள்.

எஞ்சியிருப்பது பேனர். கூட்டுத் தொண்டு பெரும்பாலும் இங்கேதான் உடையும். யார் பெயர் மேலே? மூப்புப்படி என்றால் கத்தோலிக்கர் பேதுருவிடமிருந்து தொடங்குவார். சிரியன் கிறிஸ்தவர் தோமா கி.பி. 52-இல் கேரளத்துக்கே வந்தார் என்பார். பெந்தெகொஸ்தேக்காரர் அமைதியாக, நாங்கள் பெந்தெகொஸ்தே நாளிலேயே தொடங்கிவிட்டோம் என்பார். 1947 என்று சொல்ல சி.எஸ்.ஐ.காரருக்குக் கூச்சமாக இருக்கும். அகரவரிசைப்படி என்றால் கன்னட வரிசையா தமிழ் வரிசையா என்று வரும். பணம் கொடுத்தவர் பெயர் முதலில் என்பதற்கு இந்த மெட்ரோ தடத்திலேயே முன்னுதாரணம் உண்டு: கோணப்பன அக்ரஹாரா நிலையத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை 100 கோடி, ஹெப்பகோடி நிலையத்துக்கு பயோகான் அறக்கட்டளை 65 கோடி, ஊர்ப் பெயருக்கு முன்னால் நிறுவனப் பெயர். சாம்பார் சாதத்துக்கு அவ்வளவு வசூலாவதில்லை.

நல்லவேளையாகக் கர்நாடக அரசு 2016-இல் பிளாஸ்டிக் பைகளோடு ஃப்ளெக்ஸ் பேனரையும் தடை செய்தது. சுற்றுச்சூழலுக்காகச் செய்ததாக அரசு நினைத்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளெக்ஸில் எத்தனை பெயர், எத்தனை முகம் போட்டாலும் ஒரே சதுர அடிக் கணக்கு. துணி பேனர் என்றால் பெயின்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார். கூலியைக் கேட்டதும் ஒவ்வொரு சபையும் தன் பெயரைத் தானாகச் சுருக்க முன்வரும். இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டால் எல்லாப் பெயரும் போய் 'கிறிஸ்தவர்கள்' என்று ஒரு சொல் நிற்கும். லோசான் மாநாட்டில் யாரும் எழுத்துக்கூலியைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

பெயின்டர் மட்டும் பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டே கேட்பார்: "கீழ யாரு போன் நம்பர் போடணும் அண்ணே?" அதை முடிவுசெய்ய ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கூடுவது என்று தீர்மானம் ஆகும். ஆராதனைகள் வெவ்வேறு நேரத்தில் முடிவதால் கூட்டத்துக்கு மணி குறிப்பது தள்ளிவைக்கப்படும்.