ஈயக்குண்டு அண்ணன்

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகிற சாலையில் பாரோய் வந்ததும் மற்றவர்கள் கண்ணில் ஸ்டேடியம் படும். எனக்கு ஈயக்குண்டு அண்ணன் ஞாபகம் வரும். சட்டைப்பையில் எந்நேரமும் தூண்டில் ஈயம் கிலுகிலுக்கும். ஆனால் மீன் பிடிக்கமாட்டார். மாதிரி விமானம் பறக்கும் இடத்தில் தவறாமல் இருப்பார், அதையும் ஓட்டமாட்டார். அடுத்தவன் விமானத்துக்கு எடை பார்ப்பதே அவர் வேலை. கூலி ஒரு தே தாரே.

ஞாயிறு காலை பசியாறிவிட்டு, மறுநடவுக்காகச் செம்பனை சாய்த்த வெளிக்கு வந்துவிடுவார். நாற்பது வயதுத் தம்பி ஒருவன் இரண்டரை மீட்டர் இறக்கையும் பெட்ரோல் இஞ்சினுமாக ஒரு விமானத்தை இறக்குவான்.

"சி.ஜி. பாத்தியா தம்பி?"

"பாத்தாச்சுண்ணே."

"டேங்க்ல எண்ணெ இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நீ பாக்கல."

சொல்வது நியாயம்தான். டேங்க் பெரும்பாலும் சி.ஜி. என்கிற சமநிலைப் புள்ளிக்கு முன்னால் இருக்கும். எண்ணெய் தீரத் தீர மூக்கு லேசாகி வால் கனத்துவிடும், அதுவும் இறக்கப்போகிற நேரத்தில். "ஏரோப்ளேனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கலாம், ஓட்டுறவனுக்குத்தான் ஆகாது" என்பார், தனக்கு இருப்பதைப் பற்றி மூச்சு விடாமல்.

சின்ன விமானத்தை இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்துவிடலாம். பத்து கிலோவை அப்படித் தூக்கினால் விரல் மிஞ்சாது. எனவே மூன்று சமையலறைத் தராசு வரும். வாலுக்கு முட்டுக் கொடுத்து, பறக்கும் வாட்டத்தில் நிறுத்தி, ரொட்டிச் சானாய் சுற்றிய தாளில் கணக்குப் போடுவார்: முன்சக்கரம் இரண்டிலும் சேர்த்து 9 கிலோ, வால்சக்கரத்தில் 1 கிலோ, நடுவே 100 சென்டிமீட்டர். ஆக, முன்சக்கர அச்சுக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் சி.ஜி. இறக்கையின் அகலம் 40 சென்டிமீட்டர் என்றால், அந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து 10, 12 சென்டிமீட்டருக்குள் விழவேண்டும். தள்ளி விழுந்தால் அண்ணன் முகத்தில் ஒரு தெளிச்சல் வரும் பாருங்கள்!

இந்தக் கணக்கை எந்தப் பள்ளியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தோட்டத்தில் அப்பா மரம் சீவ, பையனாகக் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர். ஒரு வாளியில் பால் குறைந்தால் கம்பைத் தோளில் கொஞ்சம் நகர்த்தவேண்டும். தவறிக் கொட்டினால் மண்டோர் ஏசுவார். வாலில் 90 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் கூடினால், மூக்கில் 45 சென்டிமீட்டரில் 200 கிராம் கேட்கும் என்பது அவர் தோளுக்கே தெரியும். முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்து, ஈயம் கடைசி மருந்து என்பார். ஆனாலும் ஈயம் வைக்காமல் ஒரு விமானத்தையும் விட்டதில்லை.

சரியாகக் கிளம்பும் நேரத்தில் ஓட்டோ லிலியந்தால் கதையை எடுப்பார். உடம்பை முன்னும் பின்னும் அசைத்தே கிளைடரைச் சமன் செய்த ஜெர்மானியர், 1896இல் அது நிலைகுலைந்து விழ, மறுநாள் செத்துப்போனதை. ரிமோட்டைப் பிடித்திருப்பவன் கை நடுங்கும். விமானம் நன்றாகப் பறந்தால், "நான் வச்ச ஈயம்." விழுந்தால், "காத்து சரியில்லப்பா."

சந்தை நாளில் அவரைக் கப்சாய் மோட்டாரில் பார்க்கலாம். பின்னால் அவர் வீட்டு அக்கா, முன்கூடையில் பத்து கிலோ அரிசி. டாக்டர் சொல்லி அக்கா உடம்பைக் குறைத்த பிறகு ஐந்து கிலோ மூட்டைதான் வாங்குகிறார்.