சோகம் போதவில்லை

லீட்ஸ், பெர்லின், சிகாகோ என்று எந்த ஊரில் போய் இறங்கினாலும் கோதிக் இசை ரசிகரான இவரைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. மண்டை பிளக்கும் வெயிலில், முழங்காலைத் தொடும் கறுப்புத் தோல் கோட்டோடு ரெக்கார்டு கடை வாசலில் ஒருவர் நிற்கிறாரா? அவர்தான். வயது ஐம்பத்தைந்து இருக்கும். தலைமுடி கோட்டைவிடக் கறுப்பு. அந்த ரகசியம் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும்.

பார்த்தால் சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி, பழகினால் பச்சைப்பிள்ளை. பகலில் வரிக்கணக்கு பார்க்கும் உத்தியோகம், வீட்டில் இரண்டு பூனைகள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1992 முதல் பெந்தெகொஸ்தே விடுமுறையில் நடக்கும் வேவ்-கோதிக்-ட்ரெஃபன் விழாவுக்கு இவரைப் போல 20,000 பேர் வரை திரள்வார்கள். ஊரே இழவு வீடாகக் கறுத்துக் கிடக்கும். விடிய விடியச் சாவைப் பற்றிப் பாட்டுக் கேட்டுவிட்டு, காலையில் டிராமில் பாட்டிக்கு எழுந்து இடம் கொடுப்பவர்களும் இவர்கள்தான். கண்மை கரைந்து கன்னத்தில் வழியும்; கையில் கோன் ஐஸ்.

இவரை ஆட்டிவைப்பது புது ஆல்பம் என்ற ஒன்றுதான். பிடித்த பாடகர் நலமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் போதும், வயிற்றைக் கலக்கும். நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர், ஒரு மனிதன் படிப்படியாக நாசமாவதை இரும்புப் பட்டறை இரைச்சலோடு 1994-இல் 'தி டவுன்வர்டு ஸ்பைரல்' ஆல்பமாகப் போட்டார். அதே மனிதர் பிறகு கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று, 'சோல்' என்ற பிக்சார் கார்ட்டூன் படத்துக்கு இசையமைத்ததற்காக 2021-இல் ஆஸ்கரும் வாங்கினார். கூட்டாளிகளுக்கும் பங்கு உண்டுதான். ஆனாலும் நம்மவர் அன்று பூனைகளிடம்கூடப் பேசவில்லை.

தி க்யூர் குழு விஷயத்தில் பட்டது இன்னும் அதிகம். 2008-க்குப் பிறகு ஆல்பமே இல்லை. 2019-இல் அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் 'இதோ வருகிறது' என்றார். வந்தது 2024 நவம்பர் 1-இல். பெற்றோரையும் அண்ணனையும் பறிகொடுத்த துக்கம் ஊறிய எட்டுப் பாட்டுகள். முதல் பாட்டில் மூன்று நிமிஷம் கடந்துதான் குரலே எழும்பும். மற்றவர்கள் அதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்திருப்பார்கள். இவர் கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். என் காதுபடத்தான். முடிந்ததும் தீர்ப்பு சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா 1989-ல வந்த 'டிஸின்டக்ரேஷன்' மாதிரி வருமா?"

1989-இல் இவரே அதே குழுவின் 1982 ஆல்பத்தைக் காட்டி அந்த 'டிஸின்டக்ரேஷ'னுக்குச் சோகம் போதவில்லை என்றவர். அதற்காகப் புது ஆல்பத்தை வாங்காமல் விடுவாரா? கேட்க ஒரு தட்டு, உறை பிரிக்காமல் வைக்க ஒரு தட்டு, பளிங்கு நிறத்தில் வேறொன்று. ராம்ஸ்டைன் குழு 2019-இல் பெயரே வைக்காமல், அட்டையில் ஒரு தீக்குச்சி மட்டும் போட்டு வெளியிட்ட ஆல்பத்தைக்கூட இரண்டு வாங்கினார். ஏன் இரண்டு என்று மனைவி கேட்டதற்கு, "ஒரு குச்சி பத்தலேன்னா?" என்றாராம்.

ஆனால் குலதெய்வம் தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுதான். டிரம்ஸ் அடிப்பது மனிதர் அல்ல. 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பட்டம் சூட்டிய இயந்திரம். மொத்தமே மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள்; கடைசியானது 1990-இல் வந்த 'விஷன் திங்'. அதற்கப்புறம் ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் இல்லை. ஆனால் கச்சேரி மட்டும் நிற்கவில்லை. ஆல்பமாக வராத புதுப் பாட்டுகளையும் மேடையில் பாடுகிறார்கள். போன தடவை நம்மவர் புகைமூட்டத்துக்கு நடுவே அவற்றை போனில் பதிவு செய்துகொண்டு வந்து, ராத்திரி முழுக்கப் போட்டுக் கேட்டார். காலையில் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஆல்பம் அவ்வளவா சரியில்ல."