இறக்கைக்குப் பத்து டாலர்

அமெரிக்காவில் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர்கள் ஆளுக்கொரு வழக்குப் போட வேண்டியதில்லை. ஒருவர் போட்டால் ஊரே வாதியாகிவிடும். ‘இறக்கை தரும்’ என்று தன் தெம்பு பானத்தை விளம்பரம் செய்த ரெட் புல் நிறுவனம் மீது 2013இல் நியூயார்க்கில் அப்படி ஒரு வழக்கு. குடித்தும் இறக்கை முளைக்கவில்லை என்பதல்ல புகார். சிறிய டப்பாவில் இருக்கும் 80 மில்லிகிராம் காஃபீன் ஒரு குவளைக் காபியிலேயே கிடைக்கும்போது, தெம்பு கூடும் என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்குவானேன் என்பதே. தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் 2014இல் 1.3 கோடி டாலருக்கு இசைந்தது. 2002 முதல் ஒரு டப்பாவாவது வாங்கியவர் 10 டாலர் ரொக்கம் கேட்கலாம். அல்லது 15 டாலர் மதிப்புக்கு அந்த நிறுவனத்தின் பானத்தையே பெற்றுக்கொள்ளலாம். எது ஏமாற்று என்று வழக்கோ, அதுவே நஷ்டஈடு! ரசீது வேண்டாம், உறுதிமொழி போதும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் குடித்ததெல்லாம் திடீரென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பந்தியில் கூட்டம் சேர்ந்தால் இலையில் விழுவது குறையத்தானே செய்யும்? கடைசியில் ஆளுக்குக் கிடைத்தது 4 டாலர் சொச்சம். வக்கீல்கள் இந்தப் பந்தியில் உட்காரவில்லை; அவர்கள் கணக்கு லட்சங்களில்.