ஐந்தாம் வாய்பாடு: இத்தாலி சென்ற கிள்ளான் தம்பதியர் குறித்து ஓர் ஆய்வு

ரோமப் பேரரசு ஏன் சரிந்தது என்று ஆராய்ந்தாயிற்று. வெனிஸ் ஏன் மூழ்குகிறது, பீசா கோபுரம் ஏன் சாய்கிறது என்றும் ஆராய்ந்தாயிற்று. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து சிக்கனமாக இத்தாலி போய்வரும் தமிழ்த் தம்பதியர் அங்கே இருக்கும் நாளெல்லாம் மனசுக்குள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் அறிஞர் உலகம் தொடவேயில்லை. விடை எளிது. அவர்கள் ஐந்தால் பெருக்குகிறார்கள். கொலோசியத்தின் முன் வாய் பிளந்து நிற்பதாகப் படத்தில் தெரியும். உண்மையில் அது “ஐயெட்டு நாற்பது” என்று சொல்லும்போது பிடித்த படம்.

தரவு சேகரித்த களங்களைச் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகள், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் பணமாற்றுக் கடை வாசல்கள், கல்யாணப் பந்திகள், கோமுட்டர் ரயில். நேர்காணல் வினாக்கள் எவையும் தேவைப்படவில்லை. ஐரோப்பா போய் வந்தவர்கள் கேட்காமலே சொல்வார்கள். ஆய்வாளர் இலையில் ரசத்தை வழியவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்படிக் கேட்ட பல தம்பதியரை வசதிக்காக ஒரே தம்பதியாகச் சுருக்கியிருக்கிறேன். அவர் கணவர், அம்மையார் மனைவி. ஹோட்டல் பதிவுகளைச் செய்தது மகள். அவள் இந்த ஆய்வில் கைப்பேசி வழியாக மட்டுமே வருகிறாள்.

முதலில் வரலாறு. லீரா புழங்கிய காலத்தில் இத்தாலிக்குப் போன மலேசியர் வகுத்தார்களே தவிரப் பெருக்கவில்லை. ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைக்கப்பட்டிருந்த 2000 வாக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு, அதாவது நம் பேச்சில் ஒரு வெள்ளிக்கு, ஐந்நூற்றுச் சொச்சம் லீரா கிடைத்தது. பல்லாயிரம் லீராவில் சாப்பிட்டுவிட்டு, வகுத்துப் பார்த்து, “இவ்வளவுதானா” என்று ஆறுதல் அடைய முடிந்தது. 2002 ஜனவரியில் யூரோ நோட்டு வந்தது. 1936.27 லீரா ஒரே ஒரு யூரோவாகச் சுருங்கியது. அப்போதும் அதன் விலை மூன்றரை வெள்ளியைத் தாண்டவில்லை. மூன்றரையால் பெருக்குவது கடினம் என்பதால் பலர் பெருக்காமலே செலவழித்து நிம்மதியாக வந்தார்கள். இன்று யூரோ ஐந்தை ஒட்டியே நிற்கிறது. ஐந்தாம் வாய்பாடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு உறக்கத்திலும் வரும். ஐரோப்பிய வரலாற்றில் இவ்வளவு துன்பத்தை இவ்வளவு எளிய கணக்கு விளைத்ததில்லை.

விதியை நூற்பாவாக இவ்வாறு யாக்கலாம்: யூரோவை ஐந்தால் பெருக்குக, பெருக்கியபின் பெருமூச்சு விடுக, விட்டபின் வாங்காது நகர்க. புறனடை: அம்மையார் கையில் எடுத்துப் பார்த்துவிட்ட தோல்பைக்கு இவ்விதி பொருந்தாது.

பெருக்கி வந்த தொகையை எதனோடு ஒப்பிடுவது? 1986-இல் லண்டன் ‘எகனாமிஸ்ட்’ இதழ் நாடுகளின் நாணயங்களை ஒப்பிடப் பர்கரின் விலையை அளவுகோலாக்கியது. நம் தம்பதியர் அந்த இதழைப் படித்தவர்கள் அல்லர்; ஆனாலும் சுயமாகவே ரொட்டி சானாய் என்ற அலகுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மாமாக் கடையில் ஒன்று ஒன்றரை, இரண்டு வெள்ளி. ரோமில் நின்றபடி குடிக்கும் எஸ்பிரெஸோ ஒன்றேகால் யூரோ. ஆறேகால் வெள்ளி. மூன்று ரொட்டி சானாய், பருப்புக் குழம்போடு. மூன்று ரொட்டி சானாயையும் இரண்டு மடக்கில் குடித்து முடித்துவிட்ட கணவர், கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார் என்பது நம்பத்தகுந்த சாட்சியம்.

‘நின்றபடி’ என்றது காரணம் கருதி. இத்தாலியக் காப்பிக் கடையில் நிற்பதற்கு ஒரு விலை, உட்கார்வதற்கு இன்னொரு விலை. வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்தில் 1720-இல் திறந்த ஃபுளோரியன் காப்பிக் கடையில் வெளியே உட்கார்ந்தால், வாசிக்கும் இசைக்கும் தனிக் கட்டணம். உணவகத்தில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஒன்று, இரண்டு, மூன்று யூரோ போடுகிறார்கள், மேசையில் உட்கார்ந்ததற்கு. சோறும் சாம்பாரும் கேட்கக் கேட்க வரும் வாழையிலைக் கடையில் வளர்ந்த மனம் இதைத் தண்டம் என்றே புரிந்துகொள்கிறது. ஹோட்டல் வரியிலும் அப்படியே. 2017 முதல் மலேசியா வெளிநாட்டுப் பயணியிடம் அறைக்குப் பத்து வெள்ளி வாங்குகிறது; ரோம் நகராட்சி ஆளுக்கு இவ்வளவு என்று இரவுதோறும் வாங்குகிறது. அதாவது நம் அரசாங்கம் தம்பதியரை ஓர் அறையாகப் பார்க்கிறது; இத்தாலி இரண்டு தலையாகப் பார்க்கிறது. இரண்டில் எது திருமணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்தச் செலவையெல்லாம் ஈடுகட்டத்தான் பெட்டி. மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் விசா வேண்டியதில்லை, 180 நாளில் 90 நாள் சும்மாவே இருக்கலாம் என்பதால் பயணம் லாபத்தில் தொடங்குகிறது. மிச்சமான விசாக் கட்டணம் உடனே உணவுப் பொட்டலங்களாக மாறிவிடுகிறது. மேகி, மைலோ, நெத்திலிச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய். இதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து வருபவர் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. மீன் கொண்டுவரலாம்: ஆளுக்கு இருபது கிலோ, அல்லது ஒரே ஒரு மீன், எது கனமோ அது. இந்த வாசகத்தை எழுதிய அதிகாரி வாழ்க்கையில் ஒருமுறையாவது கிள்ளான் மீன் மார்க்கெட்டில் நின்றிருக்க வேண்டும் என்பது என் துணிபு. தம்பதியராக நாற்பது கிலோ நெத்திலிக்குச் சட்டப்படி உரிமை இருந்தும், மனைவி எடுத்துப் போனது ஒரு ஹார்லிக்ஸ் போத்தல் அளவுதான். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கவே இல்லை. அந்த ஏமாற்றம் அம்மையாருக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. ஒரு தம்பதியில், ஒரு நேரத்தில், ஒருவர் மட்டுமே பெருக்குவார்.

இது தற்செயல் என்று ஒரு சாரார் கூறுவர். அது பொருந்தாது. என்னை? புளோரன்ஸில் சான் லொரென்சோ தேவாலயத்தைச் சுற்றியுள்ள தோல்பொருள் கடைகளில் மனைவியின் வாய்பாடு முற்றிலும் மறந்துபோகிறது. அதே கணத்தில் கணவருக்குப் பதினாறாம் வாய்பாடு வரை ஞாபகம் வருகிறது. மிலானில் கால்பந்துச் சட்டை தொங்கும் கடைக்குள் கணவர் நுழையும்போது நிலைமை தலைகீழ், “என்னங்க, அது நானூத்தம்பது வெள்ளி. ஷா ஆலாம் பாசார் மாலாமில முப்பதுக்குத் தொங்குது” என்ற குரல் வாசலிலிருந்தே வருகிறது. இருவரும் சேர்ந்து பெருக்கினால் அறையைவிட்டு வெளியே போகாமல் மேகி தின்று திரும்பியிருப்பார்கள். இருவரும் சேர்ந்து மறந்தால் சேமநிதிப் பணத்தைத் தொட வேண்டிவரும். பயணம் நடப்பதே இந்த முறைவைத்துப் பெருக்குவதால்தான்.

விதி உடைந்த இடம் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் பதிவுசெய்கிறேன். வெனிஸ்.

வெனிஸில் அவர்கள் தங்கவில்லை, மெஸ்த்ரேயில் தங்கினார்கள். கடலைத் தாண்டிப் பத்து நிமிட ரயில், பாதி வாடகை. கோலாலம்பூரில் வேலை, கிள்ளானில் வீடு என்று ஆயுளைக் கழித்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் என்பதால், 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகல் பயணிகளிடம் வாங்கும் குறைந்தது ஐந்து யூரோ நுழைவுக் கட்டணமும் அவர்களுக்கு இல்லை. ஐயைந்து இருபத்தைந்து, இரண்டு பேருக்கு ஐம்பது வெள்ளி மிச்சம். அந்த மிச்சத்தின் தைரியத்தில் கொண்டோலாத் துறைக்குப் போனார்கள். பகலில் அரை மணி நேரத்துக்குத் தொண்ணூறு யூரோ. நகராட்சி வைத்த விலை. அப்போது இருவரும் ஒரே நேரத்தில் பெருக்கினார்கள். நானூற்றைம்பது. யாரும் பேசவில்லை. படகோட்டி கோடுபோட்ட சட்டையோடு காத்திருந்தார். பிறகு ஒரு கொரியத் தம்பதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தீர்வைக் கண்டுபிடித்தது கைப்பேசியில் இருந்த மகள். பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க ‘த்ரகெத்தோ’ என்று ஒன்று ஓடுகிறது. அதுவும் கொண்டோலாதான், அலங்காரம் கிடையாது, இரண்டு துடுப்புக்காரர்கள், ஊர்க்காரர்கள் காய்கறிப் பையோடு நின்றபடியே கடக்கிறார்கள். வெளியூராருக்கு இரண்டு யூரோ. ரியால்டோ சந்தைக்கு எதிரே சாந்தா சோபியா துறையில் ஏறினார்கள். கணவர் நின்றார். மனைவி “ஐயோ ஆடுது, பிடிங்க” என்று அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பன்னிரண்டு படங்கள். அவற்றில் காய்கறிப் பை விழாத ஒன்று இப்போது கிள்ளான் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பார்ப்பவர்கள் ‘நானூற்றைம்பது வெள்ளியா!’ என்கிறார்கள், தம்பதியர் மறுப்பதில்லை.

இலவசத்தின் இயல்பையும் சிறிது ஆராய வேண்டும். ரோமில் தெருவுக்குத் தெரு ‘நசோனே’ என்ற இரும்புக் குழாயில் குடிநீர் ஓயாமல் ஓடுகிறது. 1870-களில் தொடங்கி இன்று இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. குழாய் மூக்கை விரலால் அடைத்தால் மேலுள்ள துளையிலிருந்து நீர் வளைந்து வாய்க்கு வரும். கணவர் இதைக் கண்டதும் போத்தல் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார். மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. கொதிக்கவைக்காத குழாய்த் தண்ணீரைக் குடிப்பது மலேசிய இல்லத்தரசிக்குப் பண விஷயம் அன்று, சமய விஷயம். இரண்டாம் நாள் தாகம் சமயத்தை வென்றது.

கோயில்களில் வேறு சிக்கல். ரோமின் பழைய தேவாலயங்கள் பலவற்றில் நுழைவு இலவசம்; தோளை மூட வேண்டும் என்ற விதியும் பஞ்சாபி உடுத்திய அம்மையாரைத் தொடவில்லை. ஆனால் கரவாஜியோவின் ஓவியங்கள் இருக்கும் சிற்றறை இருட்டாக இருக்கும். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும் என்பது பழைய ஏற்பாடு. தம்பதியர் இருட்டில் காத்திருந்தார்கள். ஒரு ஜெர்மானியர் வந்து காசு போட்டார், பார்த்தார்கள். அணைந்தது. இன்னொருவர் வரும்வரை மறுபடி காத்திருந்தார்கள். அந்த இருட்டில் இவர்களைப் போலவே காசு போடாமல் காத்திருந்தவர்களில் ஒருவர் செந்தூலைச் சேர்ந்தவர் என்று தெரியவந்து, விலாசம் பரிமாறிக்கொள்ளப்பட்டது. பொருளாதார அறிஞர்கள் இலவச நுகர்வோர் சிக்கல் என்று எழுதுவது இதைத்தான். ஆனால் அதில் கிடைக்கும் சம்பந்தப் பேச்சுகளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பீசாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐம்பத்தாறு மீட்டர்க் கோபுரம், 1173-இல் தொடங்கியது, இப்போது சுமார் நான்கு பாகை சாய்வு, ஏறிப் பார்க்க இருபது யூரோ. நூறு வெள்ளி. கணவர் பேராக்காரர். 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் ஒன்று தெலுக் இந்தானில் நிற்பதையும், அதைப் பார்க்கக் கட்டணமில்லை என்பதையும், பக்கத்திலேயே நல்ல மீ கோரெங் கிடைக்கும் என்பதையும் அங்கேயே நின்று விளக்கினார். ஏறவில்லை. கோபுரத்தைக் கையால் தாங்கும் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இன்னும் கட்டணம் விதிக்கப்படவில்லை.

இறுதியாக, இதுவரை எவரும் கவனிக்காத பின்விளைவு. ஊர் திரும்பியபின் பெருக்கல் நிற்பதில்லை, திசை மாறுகிறது. தம்பதியர் வகுக்கத் தொடங்குகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் நாற்பது வெள்ளி இலைச் சாப்பாட்டு பில்லைப் பார்த்துக் கணவர் “எட்டு யூரோதானே, அங்க ரெண்டு காப்பிக்கு உக்காந்தா போச்சு” என்று நண்டு வறுவலும் சொன்னதற்கு நானே சாட்சி. ஜாலான் துன் சம்பந்தன் புடவைக் கடையில் மனைவியும் அதே வகுத்தலைக் கைக்கொண்டார். இத்தாலியில் மூட்டையாகச் சேமித்ததை இருவரும் சேர்ந்தே வகுத்து, ஒரு மாதத்துக்குள் கிள்ளானிலேயே தீர்த்துவிட்டார்கள் என்பது வங்கிப் புத்தகம் தரும் சான்று.

அடுத்த ஆண்டு ஜப்பான் போகலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். யென்னை வெள்ளியாக்க மூன்றால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டுமாம். ஒரே பயணத்தில் இரண்டையும் செய்ய முடியாது என்று கணவர் மறுத்துவிட்டார். பெருக்கலைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் வகுத்தலை அவர் பார்த்தால் போதும் என்றும் மனைவி பேசிவருகிறார்.