டென்னிஸ் பந்து மட்டும் வந்த ஊர்

திருப்புலிவனத்தில் டென்னிஸ் பந்தைத் தெரியாத பையன் கிடையாது. உத்திரமேரூர் கடைவீதியில் வாங்கி வந்து, அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடுவோம். அந்தப் பந்துக்கென்றே ஓர் ஆட்டம் உண்டு என்பது எனக்கு 1987-இல்தான் தெரிந்தது. அப்போது எட்டாம் வகுப்பு.

அக்டோபரில் ஒரு நாள் டீக்கடைப் பேப்பரில் இரண்டு பெயர்கள்: விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன். இருவரும் மெட்ராஸ்காரர்கள். சிட்னியில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அணித் தலைவர் விஜய், ஆடியவரும் அவரே. டிசம்பரில் ஸ்வீடன்காரர்கள் கோதன்பர்க் உள்ளரங்கில் மண் தரை போட்டு வைத்து, நம்மை 5-0 என்று வீழ்த்தினார்கள். ஏரி மண்ணிலேயே புரண்டு வளர்ந்த எங்களுக்கு, மண்ணில் தோற்றோம் என்பது புரியவே இல்லை. புல்தரையில்தான் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த நாளில் எங்கள் ஊரில் டீம் முதலாளி என்றால், பந்து வாங்கியவன். அவன் வீட்டில் கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது. விஜய்க்கும் அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. 1978-இல் அமெரிக்காவின் டீம் டென்னிஸில் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்ட்ரிங்ஸ் அணிக்காகத் தம்பி அசோக்கோடு ஆடிப் பட்டம் வென்றார். அணி ஜெர்ரி பஸ் என்ற செல்வந்தருடையது. இவர்கள் ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான்.

முப்பத்தாறு ஆண்டு கழித்து, 2014 நவம்பரில், அதே விஜய் இந்தியாவில் சாம்பியன்ஸ் டென்னிஸ் லீக் தொடங்கினார். இப்போது அணிகளை அமைப்பது அவர் வேலை. முதல் ஆண்டு ஆறு அணிகள்: பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத், மும்பை, புனே, பஞ்சாப். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். மெட்ராஸ் பிள்ளை தொடங்கிய லீக்கில் சென்னை இல்லை! அடுத்த ஆண்டு சென்னை அணி வந்தது. ஆனால் அதோடு லீக்கே நின்றுவிட்டது. அதே 2014-இல் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி தொடங்கிய ஐ.பி.டி.எல். என்ற இன்னொரு டென்னிஸ் லீக், ஃபெடரரையும் ஜோகோவிச்சையும் டெல்லிக்கு அழைத்து வந்தது. அதுவும் மூன்று ஆண்டுகள்தான் ஓடியது.

லீக் நின்றுபோனதற்காக விஜய்மீது எனக்குக் குறையில்லை. அவர் செய்த பெரிய காரியம் வேறு. 1985-இல் பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் பையன்களைத் தங்கவைத்து, சாப்பாடும் பயிற்சியும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்தவர் லியாண்டர் பயஸ். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் வென்ற வெண்கலம், 1952-க்குப் பிறகு தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். 2024 ஜூலையில் நியூபோர்ட்டில், சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் இருவரும் ஒன்றாக இடம்பெற்றார்கள். ஆசிய ஆண்களில் இவர்களே முதலாமவர்கள். அணிகளின் பெயர்கள் எனக்கே மறந்துபோகின்றன. அந்த விடுதிப் பையனின் பெயர் மறக்காது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வியாக்ரபுரீஸ்வரர் கோயில் பக்கம் பையன்கள் செல்போன் விளையாட்டில் வீரர்களை ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘நான்தான்ணே டீம் ஓனர்’ என்றான் ஒருவன். அவன் காலடியில் கிடந்தது டென்னிஸ் பந்து. அதை அடிக்க ஒரு ராக்கெட்டை அவன் கையால் தொட்டதில்லை. எங்கள் பள்ளித் திடலில் டென்னிஸ் வலை கட்டி நானும் பார்த்ததில்லை.

இனி அணி வாங்க நினைக்கும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்திரமேரூர் பக்கம் ஒரு மண் ஆடுகளம் போட்டுக் கொடுங்கள். மண் இங்கேயே இருக்கிறது. பந்தும் இருக்கிறது.