அம்மண சைக்கிள் ஊர்வலம்: பெயர் வாங்கச் சில யோசனைகள்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், பெரும்பாலும் இரண்டாவது சனிக்கிழமையன்று, லண்டனில் ஒரு பெருங்கூட்டம் உடுத்தியதைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு சைக்கிள் ஓட்டுகிறது. பிக்காடில்லி, டிரஃபால்கர் சதுக்கம், நாடாளுமன்றம் என்று சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் பார்க்க வரும் இடங்களையெல்லாம் இலவசக் காட்சியோடு கடந்து போகிறது. இந்த வருடம் நீங்களும் போவதாக இருக்கிறீர்கள். நல்லது. மற்றவர்கள் சும்மா ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் பெயர் வாங்கிக்கொண்டு வரவேண்டும். கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை. மீதியைப் பழகிக்கொள்ளுங்கள்.

1. எதற்கு என்று கேட்காதீர்கள்

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஸ்பெயின் நாட்டு சரகோசாவில் 2001-லேயே சிலர் இப்படி ஓட்டினார்களாம். கனடாவின் வான்கூவரில் கான்ராட் ஷ்மிட் என்பவர் 2004-ல் அதை உலகம் தழுவிய ஊர்வலமாக்கினாராம். பெட்ரோலைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு எதிர்ப்பாம். தெருவில் போகும் சைக்கிள்காரனுக்கு அவன் தோலைத் தவிர வேறு கவசம் இல்லை என்று காட்டுவதாம். எந்த உடம்பும் வெட்கப்பட வேண்டிய உடம்பல்ல என்று சொல்வதாம். சட்டை போட்ட சைக்கிள்காரன் கார்க்காரர்களின் கண்ணில் படுவதே இல்லை, கழற்றினால்தான் படுகிறான் என்பது இவர்கள் கட்சி.

இதெல்லாம் மண்டைக்குள் போனால் உற்சாகம் கெட்டுவிடும். யாராவது மைக்கை நீட்டினால் "சும்மா ஒரு ஜாலிக்கு" என்று சொல்லுங்கள். மற்றவர்கள் எண்ணெய், காற்று, சாலை என்று நீட்டி முழக்கியதை வெட்டிவிட்டு உங்கள் வரியைத்தான் போடுவார்கள்.

2. வீட்டு வாசலிலேயே கழற்றுங்கள்

கூடும் இடம்வரை உடையோடு வாருங்கள், முடிந்ததும் உடுத்திக்கொண்டு கலையுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கெஞ்சுவார்கள். கேட்காதீர்கள். உங்களுக்குத்தான் சட்டம் தெரியுமே. இங்கிலாந்தில் பொது இடத்தில் அம்மணமாக இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. பார்ப்பவரைக் கலவரப்படுத்தவோ வேதனைப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு காட்டினால்தான் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பாயும். இதில் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, காலை ஒன்பது மணிக்கு உங்கள் தெருவிலிருந்தே புறப்படுங்கள். பேருந்து நிறுத்தத்தில் பேரப்பிள்ளையோடு நிற்கும் பாட்டியிடம் வண்டியை நிறுத்தி 66-ஆம் பிரிவை விளக்குங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் இன்னும் கிட்டப் போய் விளக்குங்கள்.

3. சைக்கிளைத் தொட்டுப் பார்க்காதீர்கள்

ஊர்வலத்தின் பெயரில் சைக்கிள் என்றொரு சொல் இருப்பதை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நீங்களும் கவனிக்க வேண்டாம். மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று தொப்பையை உள்ளிழுத்துப் பழகியிருக்கிறீர்கள், அதுபோதும். போன கோடையில் தோட்டக் கொட்டகையில் சாத்திய சைக்கிளை அன்று காலைதான் வெளியே எடுக்க வேண்டும்.

டயரை அழுத்திப் பார்க்காதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று குனியாதீர்கள். செயினுக்கு எண்ணெய் விடாதீர்கள், அல்லது விடுவதென்றால் ஒரேயடியாகக் கொட்டுங்கள்; இன்று அதைத் துடைக்கப் பேண்ட் கால் இல்லை, உங்கள் சொந்தக் கால்தான் இருக்கிறது. பேண்ட் கால் செயினில் மாட்டும் ஆபத்து இன்றைக்குக் கிடையாது. அந்த ஒரு நன்மையை நம்பி மற்றதைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள்.

பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் வேண்டவே வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் நடுவில் காற்று இறங்கும். அங்கேதான் மேல்கூரையில்லாத மாடிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பேருந்துக்கு முதுகைக் காட்டியபடி நன்றாகக் குனிந்து சக்கரத்தைக் கழற்றுங்கள். உங்களால் லண்டனை மறக்க முடியாத குடும்பங்கள் உலகெங்கும் இருக்கும்.

4. துண்டு எடுத்துப் போகாதீர்கள்

இருக்கையின் மேல் ஒரு துண்டோ உறையோ போட்டுக்கொள்வது வழக்கம். கோழைகளின் வழக்கம். ஜூன் வெயிலில் தோலும் ரெக்சினும் ஒட்டிப் பிரியும் ஓசை ஒவ்வொரு சிக்னலிலும் கேட்க வேண்டும். சொந்த சைக்கிளில் இதைச் செய்தால் ஒருவருக்குத்தான் பலன். நண்பரிடம் இரவல் வாங்குங்கள். எதற்கு என்று சொல்லாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது, இருக்கை ரொம்ப வசதி என்று மட்டும் சொல்லுங்கள்.

5. சன்ஸ்கிரீன் வெள்ளைக்காரர்களுக்கு

நம் நிறத்துக்கு வெயில் என்ன செய்யும்? இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கறுத்த தோலும் வெந்து போகும் என்று டாக்டர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். பிறந்ததிலிருந்து வெயிலையே கண்டறியாத பாகங்கள் உங்களிடம் உண்டு. அவற்றுக்கு இன்று மத்தியானம்தான் அறிமுகம். மூக்குக்கு மட்டும் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம்.

செருப்பும் வேண்டாம். மிதிகட்டையில் பற்கள் இருப்பது வெறுங்காலால் மிதித்தால்தான் தெரியும்.

6. மற்றவர்களை அளவெடுங்கள்

இந்த ஊர்வலத்தின் விதி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு துணிச்சலோ அவ்வளவு கழற்றலாம். முழுக்கக் கழற்றியவரும் வரலாம், ஜட்டியோடும் வரலாம், உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டும் வரலாம், கோட்டு சூட்டோடும் வரலாம். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்பது உங்கள் கடமை. ஜட்டிக்காரரிடம் "அம்மணமானவன் ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்" என்று நம் பழமொழியை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அடுத்து, முழுக்கக் கழற்றியவரிடம் போய், குழந்தைகள் நடமாடும் இடத்தில் ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று கண்டியுங்கள். இரண்டையும் ஒரே சிக்னலில் முடித்துவிட வேண்டும்.

உடை விஷயத்தில் முன்னுதாரணம் கேட்டால் அமெரிக்காவைக் காட்டுங்கள். 2021-ல் ஃபிலடெல்ஃபியா ஊர்வலத்தில் கொரோனா காரணமாக எல்லோரும் கட்டாயம் அணிய வேண்டும் என்று சொன்னது முகக்கவசம். 2013-ல் போர்ட்லாண்ட் ஊர்வலம் நகரின் கலை அருங்காட்சியகத்தருகே கிளம்பியபோது, உள்ளே நடந்த சைக்கிள் கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் உடம்பில் இருக்கும் துணி ஒன்றுக்கு ஒரு டாலர். ஐந்து முழ வேட்டியை ஒன்றாகக் கணக்கிட்டிருப்பார்களா, ஐந்தாகவா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

7. கண்ணுக்கு வேலை கொடுங்கள்

சாலையைப் பார்த்து ஓட்டுவது எந்தச் சனிக்கிழமையும் செய்யக்கூடியது. இன்று முன்னால் போகிறவரைப் பாருங்கள், பக்கத்தில் வருகிறவரைப் பாருங்கள், தாண்டிப் போனவரைத் திரும்பிப் பாருங்கள். குழியைக் குழிக்குள் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படம் எடுப்பதானால் அனுமதி கேள் என்பார்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் எப்படி எடுப்பது? ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் செல்போன். எடுத்த படத்தை உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். படத்தின் ஓரக் கடைக்கண்ணாடியில் உங்கள் முழு உருவமும் விழுந்திருப்பது உங்களுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் பெரிதாக்கிப் பார்ப்பவர்.

வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் முன்கூட்டியே எதுவும் சொல்லிவிடாதீர்கள். சித்தியின் தொலைபேசி அழைப்பில் மனைவிக்குச் சேதி கிடைப்பதில் இருக்கும் சுவையே தனி.

8. பந்தயம் வையுங்கள்

கூட்டம் நடையைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் நகரும். பின்னால் வருகிறவர்கள் அறுந்துபோகக் கூடாது, நடுவில் கார்கள் புகுந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே மெதுவாகப் போகிறார்கள். சந்திப்புகளில் தொண்டர்கள் குறுக்கே நின்று வண்டிகளை நிறுத்தி வழிவிடுவார்கள். நீங்கள் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் புகுந்து முன்னேறுங்கள். மணியை விடாமல் அடியுங்கள். கை காட்டாமல் திரும்புங்கள். தடுக்கும் தொண்டரிடம் "நான் யார் தெரியுமா?" என்று கேளுங்கள். அடையாள அட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

பிரேக்கைத் திடீரென்று பிடிப்பதும் நல்லதுதான். வழக்கமான சைக்கிள் மோதலில் அந்நியரிடம் இவ்வளவு நெருக்கம் கிடைக்காது.

9. முதுகில் எழுதச் சொல்லுங்கள்

பலர் உடம்பில் வாசகம் எழுதி வருவார்கள். "இப்போதாவது என்னைத் தெரிகிறதா?" என்பது பழைய பிரசித்தம். நீங்கள் உங்கள் இன்ஸ்டாகிராம் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். முதுகு எட்டாது என்பதால் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேனாவைக் கொடுங்கள். அவர் எழுதி முடித்ததும் பக்கத்தில் நிற்பவர்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று விசாரிக்காதீர்கள்.

10. மழை வந்தால் ஓடிவிடுங்கள்

2025 அக்டோபரில், தேசியக் காவல்படையை நகருக்குள் இறக்க டிரம்ப் அரசு முயன்றதை எதிர்த்து, போர்ட்லாண்ட்காரர்கள் அவசரமாக ஓர் ஊர்வலம் கூட்டி, குளிரிலும் மழையிலும் அம்மணமாக ஓட்டினார்கள். நீங்கள் அப்படியெல்லாம் கஷ்டப்படப் பிறந்தவர் இல்லை. முதல் தூறலுக்கே பக்கத்துக் காபிக் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருங்கள்.

11. துணிப்பையைப் பத்திரமாக மறந்துவிடுங்கள்

இது முக்கியம். லண்டனில் ஊர்வலம் பல முனைகளிலிருந்து கிளம்பி வழியில் ஒன்று சேரும். கிளம்பிய இடமும் முடியும் இடமும் வேறு வேறு. விவரமானவர்கள் பையைச் சைக்கிளிலேயே கட்டிக்கொள்வார்கள். நீங்கள் கிளம்பும் முனையான கிளாப்பமில் ஒரு புதருக்குள் ஒளித்து வையுங்கள். சாவி, பணம், வங்கி அட்டை எல்லாம் அதிலேயே இருக்கட்டும். ஹைட் பார்க் மூலையில், வெலிங்டன் வளைவருகே ஊர்வலம் முடியும்போது சுற்றிலும் எல்லோரும் பத்தே நிமிடத்தில் உடுத்திக் கலைந்துவிடுவார்கள். அதன்பிறகு அங்கே அம்மணமாக நிற்பது ஊர்வலம் ஆகாது. அது நீங்கள் மட்டும்தான். 66-ஆம் பிரிவின் இரண்டாம் பாதியைப் படித்துக்கொள்ள அருமையான சமயம்.

12. திங்கட்கிழமை காரை எடுங்கள்

ஞாயிறு முழுக்கக் குப்புறப் படுத்து ஓய்வெடுத்திருப்பீர்கள். இனி வழக்கமான வாழ்க்கை. உங்களுக்கு முன்னால் ஒருவர் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு வேலைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார். ஹாரன் அடியுங்கள். மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 ஜனவரியிலிருந்து சொல்கிறது. ஒரு முழமே தாராளம்.

பிறகு ஓரமாக நிறுத்துங்கள். இறங்கும்போது கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் கதவைத் திற, அப்போதுதான் உடம்பு திரும்பும், பின்னால் சைக்கிள் வருவது தெரியும் என்று அதே நூல் சொல்லித் தருகிறது. நீங்கள் கிட்டே இருக்கும் கையாலேயே, ஒரே தள்ளாகத் தள்ளித் திறங்கள். அவர் விழுவார். ஓடிப் போய்த் தூக்கிவிட்டு, "உங்களை நான் பார்க்கவே இல்லையே" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்வது பொய்யில்லை. அவர் உடுத்தியிருந்தார்.